அடுப்புக்கு ஒரு நாள் விடுமுறை

(மதுரையில் நெடுங்காலம் மெஸ் நடத்தி, இப்போது கல்லாவை மகனிடம் ஒப்படைத்துவிட்ட ‘மெஸ் அம்மா’ வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த மாதம்: குடும்பத்தோடும் நண்பர்களோடும் பக்கத்துக் கடைக்குச் சாப்பிடப் போவது.)

எங்கள் வீட்டில் எட்டுப் பேர். ஞாயிறு இரவு வெளியே சாப்பிடப் போனால் மாமனாருக்கு இட்லி, கணவருக்குப் பரோட்டா, பிள்ளைகளுக்கு ஃபிரைடு ரைஸ், கொழுந்தனுக்கு நெய் ரோஸ்ட், எனக்கு ஏதாவது ஒன்று. ஒருவர் கை கழுவும்போதுதான் இன்னொருவருக்குத் தட்டு வருகிறது. ஒன்றாகச் சாப்பிட்ட மாதிரியே இல்லையே, அம்மா?
— ஒரு வாசகி, சேலம்

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தத் தாமதம் இல்லை. ‘எனக்கு ஏதாவது ஒன்று’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். ஆறு நாள் எல்லாருக்கும் பார்த்துப் பார்த்துச் சமைத்துவிட்டு, ஏழாம் நாளும் மிச்சம் மீதிதானா? அடுத்த ஞாயிறு முதல் ஆர்டரை நீங்கள் சொல்லுங்கள். மற்றவர்கள் பிறகு சொல்லட்டும்.

தாமதத்துக்குக் காரணம் எளிது. நீங்கள் எட்டுப் பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் சாப்பாடு நான்கு இடங்களில் வேகிறது. இட்லிக் கொப்பரை ஓரிடம், தோசைக்கல் ஓரிடம், பரோட்டாக் கல் பெரும்பாலும் கடை வாசலில், ஃபிரைடு ரைஸுக்குப் பின்பக்கம் சீறுகிற தனி அடுப்பு. ஒவ்வொன்றுக்கும் தனி மாஸ்டர். இட்லி ஈடு ஈடாக இறங்கும். இப்போதுதான் ஓர் ஈடு தீர்ந்தது என்றால் அடுத்த ஈடு வேகும்வரை யார் கத்தினாலும் இட்லி கிடையாது. பரோட்டா கல் நிறையப் போட்டு ஒன்றாக எடுப்பது. ஃபிரைடு ரைஸ் ஒரு வாணலியில் இரண்டு மூன்று தட்டுக்குத்தான் வரும். இவை நான்கும் ஒரே நிமிடத்தில் முடிய வேண்டும் என்று எதிர்பார்த்தால் பரிமாறுகிற பையன் என்ன செய்வான், பாவம்? எது தயாரோ அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான்.

ஆகவே, முதல் சுற்றில் எல்லாரும் ஒரே அடுப்பில் இறங்குவதைக் கேளுங்கள். பரோட்டா கேட்டால் எல்லாருக்கும் பரோட்டா, நடுவில் வைத்து ஆளுக்கு ஒன்று. பெரியவருக்கு மட்டும் இட்லி. உட்காரும் முன்பே ‘இட்லி எடுத்துவிட்டீர்களா’ என்று கேட்டு, ஈடு இறங்கும் நேரம் தெரிந்துகொண்டு சொல்லிவிடுங்கள். தனித்தனி ஆசைகள் இரண்டாம் சுற்றில் வரட்டும். அதற்குள் பாதி ஆசை அடங்கியிருக்கும், பில்லும் குறையும். கடைக்காரி சொல்லக் கூடாத ரகசியம், சொல்லிவிட்டேன்.

இன்னொன்று, ஞாயிறு இரவு எட்டரை மணிக்குக் கிளம்பாதீர்கள். அந்த நேரத்தில்தான் ஊரே கிளம்பும். ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள், கல் நன்றாகச் சூடேறியிருக்கும், மாஸ்டருக்கும் களைப்பு வந்திருக்காது. பிறகு, பரோட்டாவுக்குப் பேர்போன கடையில் ஃபிரைடு ரைஸ் கேட்கிற பழக்கத்தைப் பிள்ளைகளிடம் இப்போதே நிறுத்துங்கள். கடைக்கு எது கைவந்த வேலையோ அதைச் சாப்பிடத்தானே போகிறோம்?

என் மகனுக்குப் பதினேழு வயது. ஓட்டலில் பரிமாறுபவரைச் சொடுக்குப் போட்டுக் கூப்பிடுகிறான். கண்டித்தால், ‘காசு கொடுக்கிறோமே’ என்கிறான்.
— ஒரு வாசகர், திருநெல்வேலி

காசு கொடுப்பது தோசைக்கு. ஆளுக்கு இல்லை.

அவனை ஒரு சனிக்கிழமை இரவு, வேண்டுமானால் எங்கள் கடைக்கே அனுப்புங்கள். இரண்டு கைகளில் ஐந்து தட்டு அடுக்கிக்கொண்டு, ஈரத் தரையில் வழுக்காமல், ‘ஆறாம் நம்பருக்கு ரெண்டு வீச்சு, ஒரு கலக்கி, வெங்காயம் இல்லாமல் ஓர் ஆம்லெட்’ என்று மனத்திலேயே எழுதிக்கொண்டு ஒரு மணி நேரம் நடக்கட்டும். கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். துணிக்கடைப் பெண்களை நினைத்துச் செய்தது, நல்ல காரியம். ஓட்டலில் பரிமாறுகிறவர் உட்காருவதை நான் பார்த்தது அவர் சாப்பிடும்போது மட்டும்தான். அதுவும் மதியக் கூட்டம் வடிந்து நாலு மணிக்கு.

இப்போது பல கடைகளில் பரிமாறுகிற பிள்ளைகள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். ‘சாம்பார்’, ‘சட்னி’, ‘இன்னும் கொஞ்சம்’ என்ற சொற்களை வைத்துக்கொண்டே ஒரு நாளை ஓட்டிவிடுகிறார்கள். தமிழ் தெரியவில்லை என்று அதட்டுவதைவிட, வேண்டியதை மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். உங்கள் மகன் வயதுதான் இருக்கும் அவர்களுக்கும். ‘தம்பி’ என்றோ ‘அண்ணே’ என்றோ கூப்பிட்டால் திரும்பாதவர் யாரும் இல்லை.

டிப்ஸ் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்க நினைத்தால் கையில் கொடுங்கள். பில்லோடு சேர்த்து மொபைலில் அனுப்பினால் அது கல்லாவுக்குத்தான் வரும். அங்கிருந்து அந்தப் பையனிடம் போய்ச் சேருமா என்பது முதலாளியின் குணத்தைப் பொறுத்தது.

கல்லூரித் தோழர்கள் நான்கு பேர், இப்போது எல்லாருக்கும் ஐம்பது வயது. ஒரு சனிக்கிழமை மாலை மதுரைக்கு வந்து, மறுநாள் காலை ரயிலில் திரும்புகிறோம். எங்கே, என்ன, எந்த வரிசையில் சாப்பிடலாம்?
— ஒரு வாசகர், தாம்பரம்

வரிசை கேட்டீர்களே, அதற்காகவே உங்களுக்கு நீளமாகப் பதில் எழுதலாம். மதுரைக்கு வருகிறவர்கள் செய்கிற தவறு, பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஜிகர்தண்டாவைக் குடித்து வயிற்றை அடைத்துக்கொள்வது. பாலும் சர்க்கரையும் ஐஸ்கிரீமும் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு கறி தோசை எங்கே இறங்கும்?

மாலையில் பருத்திப்பாலில் தொடங்குங்கள். பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து, கொஞ்சம் அரிசி மாவு சேர்த்துக் கொதிக்கவிட்டு, வெல்லமோ கருப்பட்டியோ போட்டு, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டுச் செய்வது. தள்ளுவண்டியில் சூடாகக் கிடைக்கும். கெட்டியாக இருக்கும், இரண்டு பேருக்கு ஒரு தம்ளர் போதும். குடித்துவிட்டு மாசி வீதிகளை ஒரு சுற்று நடங்கள்.

ஏழரை மணிவாக்கில் சிம்மக்கல் பக்கம் வந்து கறி தோசை. கோனார் கடைகளுக்குப் பேர் வாங்கிக்கொடுத்த பண்டம் அது. கல்லுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் அங்கேயே நின்று பாருங்கள். மாவைக் கனமாக ஊற்றுவார். மேல் ஈரம் காய்வதற்குள் அடித்த முட்டையை ஊற்றிப் பரப்புவார். முட்டை இறுகுவதற்குள் ஏற்கெனவே மசாலாவில் வெந்து சுருண்டிருக்கும் ஆட்டுக்கறியைச் சின்னச் சின்னத் துண்டாக மேலே தூவி, தோசைத்திருப்பியால் லேசாக அழுத்துவார். பிறகு ஒரே வீச்சில் திருப்பல். கறி கல்லில் படும்போது சுர்ரென்று ஒரு சத்தமும் மிளகு வாசனையும் வரும். அடியில் முறுகல், நடுவில் மெத்தென்று மாவு, மேலே முட்டையில் ஒட்டிப்பிடித்த கறி என்று மூன்றும் ஒரே விள்ளலில் வர வேண்டும். விளிம்பிலிருந்து பிய்க்காதீர்கள், குறுக்கே பிய்த்துச் சாப்பிடுங்கள். நான்கு பேருக்கு இரண்டு தோசை. ஆளுக்கு ஒன்று என்று வீரம் காட்டினால் இரவு அத்தோடு முடிந்துவிடும்.

அடுத்து அரை மணி நேரம் நடை. பிறகு பரோட்டாக் கடை. எந்தக் கடை என்று பெயர் சொல்ல மாட்டேன். எனக்கும் இந்த ஊரில் சொந்தபந்தம், தொழில் உறவு எல்லாம் இருக்கிறது. ஆனால் கண்டுபிடிக்க வழி சொல்கிறேன். கல்லிலிருந்து எடுத்த பரோட்டாக்களை மாஸ்டர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நல்ல மாஸ்டர் நாலைந்தை அடுக்கி, சூட்டோடு சூடாக இரண்டு கைகளாலும் பக்கவாட்டில் தட்டுவார். அந்த அடியில்தான் அடுக்கு அடுக்காகப் பிரிந்து மலரும். எடுத்ததை அப்படியே தட்டில் போட்டு அனுப்புகிற கடை என்றால் தாண்டிப் போய்விடுங்கள். மாவு பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி மூடி நேரம் கொடுத்து ஊறவிட்டால்தான் வீசும்போது கண்ணாடியாக விரியும். அவசரத்துக்குப் பிசைந்த மாவு வீசினால் கிழியும், தின்றால் ரப்பர்.

பன் பரோட்டா கேளுங்கள். கனமாக, உருண்டையாக, உள்ளே பஞ்சாக இருக்கும். எங்கள் ஊர்ப் பெருமைகளில் அதுவும் ஒன்று. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவின் மொறுமொறுப்பை இதில் தேடாதீர்கள், அதற்கு விருதுநகருக்கே போக வேண்டும். கொத்து பரோட்டா ஒரு தட்டை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ‘டங்கு டங்கு’ சத்தத்துக்காகவாவது.

ஜிகர்தண்டா பத்து மணிக்கு மேல், விளக்குத்தூண் பக்கம். சுண்டக் காய்ச்சிய பால், ஊறி உப்பிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே பாலாடை ஐஸ்கிரீம். பாதாம் பிசின் அடியில் தங்கிவிடும். கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கிவிட்டுக் குடியுங்கள். இது நாள் முடிகிற இடத்தில் வர வேண்டியது.

அயிரை மீன் குழம்பும் கோலா உருண்டையும் மதியச் சாப்பாட்டுச் சமாசாரம். காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தவர்கள் அதை இழந்தவர்களே. அடுத்த தடவை மாலை வண்டியில் பதிவு செய்யுங்கள்.

சின்ன ஓட்டலில்கூட பில்லில் ஜி.எஸ்.டி. போடுகிறார்கள், சில இடங்களில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று வேறு. எதைக் கொடுக்க வேண்டும், எதை மறுக்கலாம்?
— ஒரு வாசகி, கோவில்பட்டி

ஓட்டல் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். மத்திய அரசுக்கு இரண்டரை, மாநிலத்துக்கு இரண்டரை என்று பில்லில் இரண்டு வரியாக இருக்கும். 2017 நவம்பருக்கு முன்னால் ஏசி இருந்தால் ஒரு விகிதம், இல்லாவிட்டால் ஒரு விகிதம் என்று இருந்தது. இப்போது அந்த வேறுபாடு இல்லை. நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைகள் உள்ள பெரிய ஓட்டல்களின் உணவகங்களில்தான் 18 சதவீதம். நீங்களும் நானும் ஞாயிற்றுக்கிழமை போகிற இடங்கள் அவை இல்லை.

சின்னக் கடைகள் பல, ‘காம்போசிஷன்’ என்று எங்கள் ஆடிட்டர்கள் சொல்கிற இணக்க முறையில் வரி கட்டுகின்றன. அப்படிக் கட்டுகிற கடை உங்களிடம் தனியாக ஜி.எஸ்.டி. வசூலிக்கக் கூடாது. வரியைத் தன் வருமானத்திலிருந்துதான் கட்ட வேண்டும். பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் ‘வரி’ என்று ஒரு தொகை மட்டும் இருந்தால் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

சர்வீஸ் சார்ஜ் வேறு. அது அரசாங்க வரி இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில், அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எடுக்க மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

பாட்டில் தண்ணீருக்கு ஒட்டியிருக்கிற விலைக்கு மேல் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உட்காரவைத்துப் பரிமாறுகிற ஓட்டல்கள் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. அதனால் சண்டை வேண்டாம். உட்கார்ந்ததும் ‘வெந்நீர் கொண்டு வாருங்கள்’ என்று சொல்லிவிட்டால் பாட்டில் மேஜைக்கே வராது.

பில்லைப் பார்க்கிற நேரத்தில் அதில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2022 தொடக்கத்திலிருந்து அது கட்டாயம்.

என் மாமியார் எங்களோடு வெளியே வர மறுக்கிறார். ‘யார் கையோ, யார் சமைத்ததோ’ என்கிறார். அவர் இல்லாமல் போக எங்களுக்கு மனமில்லை.
— ஒரு வாசகி, கும்பகோணம்

‘யார் கையோ’ என்பதில் இரண்டு அர்த்தம் இருக்கிறது. உங்கள் மாமியார் எதைச் சொல்கிறார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

சுத்தத்தைப் பற்றிய பயம் என்றால் நானும் அவர் கட்சி. அவரைக் கூட்டமில்லாத நேரத்தில் அழைத்துப்போய், கை கழுவுகிற இடத்தைக் காட்டுங்கள். நான் புதுக் கடைக்குப் போனால் முதலில் பார்ப்பது அதைத்தான். வாடிக்கையாளர் கண்ணில் படுகிற அந்த இடத்தையே ஈரமும் எச்சிலுமாக வைத்திருக்கிறவர், கண்ணில் படாத அடுக்களையை எப்படி வைத்திருப்பார்? தண்ணீர் குடத்துக்குள் தம்ளரை விட்டு மொள்கிறார்களா, மேஜை துடைக்கிற துணியாலேயே இலையைத் துடைக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். சைவம் மட்டும் செய்கிற கடையாகத் தேர்ந்தெடுத்தால் இன்னும் பாதித் தயக்கம் போகும். காபியில் தொடங்குங்கள். முதல் நாளே முழுச் சாப்பாட்டுக்கு வற்புறுத்த வேண்டாம்.

சாதியை நினைத்துச் சொல்கிறார் என்றால் என் பதில் வேறு. இந்த நாட்டில் ரயில் நிலையச் சாப்பாட்டு அறையிலேயே பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்தது. சென்னையில் ஓட்டல் பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்று எழுதிவைத்திருந்தார்கள். 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் பெரியாரின் திராவிடர் கழகத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்து நூற்றுக்கணக்கில் கைதானது அந்த ஒரு சொல்லை அழிப்பதற்காகத்தான். சாதியைக் காரணம் காட்டி யாரையும் உணவு விடுதிக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டம் 15ஆவது பிரிவில் தனியாகவே எழுதிவைத்திருக்கிறது. அப்படியும் டீக்கடையில் தனித் தம்ளர் வைத்த ஊர்கள் இருந்தன.

நானே மெஸ் நடத்தியவள். என் அடுக்களையில் யார் என்ன சாதி என்று கேட்டுவிட்டு இலையில் உட்கார்ந்தவரும் உண்டு. ‘பக்கத்துத் தெருவில் வீடு வீடாக விசாரித்துச் சமைக்கிற கடை இருந்தால் அங்கே போங்கள்’ என்று அனுப்பியிருக்கிறேன். மாமியாரிடம் இந்த அளவுக்குப் பேச முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் அவர் வரவில்லை என்பதற்காக நீங்கள் வீட்டில் உட்காராதீர்கள். போய்விட்டு வாருங்கள். பேரப்பிள்ளைகள் திரும்பி வந்து கதை கதையாகச் சொல்லும்போது அவருக்கே ஆசை வரலாம்.

நண்பர்கள் ஐந்து பேர் மாதம் ஒருமுறை சேர்ந்து சாப்பிடுகிறோம். பில் வரும் நேரம் பார்த்து ஒருவர் மட்டும் கை கழுவப் போய்விடுகிறார்.
— ஒரு வாசகர், ஈரோடு

கல்லாவில் உட்கார்ந்தவளுக்கு இந்த ஆள் பழைய சிநேகிதர். இவரில் மூன்று வகை உண்டு. கை கழுவப் போகிறவர் ஒருவர். சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, எடுக்காமல், ‘நான் தருகிறேன், நான் தருகிறேன்’ என்று சத்தம் போடுகிறவர் இன்னொருவர். மூன்றாமவர், சரியாக அந்த நிமிடத்தில் வருகிற போன் அழைப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறவர். அந்தப் போன் அடித்ததை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு விஷயத்தை முதலில் யோசியுங்கள். அவருக்கு உண்மையிலேயே பணமுடையா? அப்படி என்றால் கடையை மாற்றுங்கள். கையேந்தி பவனில் ஐந்து பேரும் நின்றுகொண்டு இட்லி சாப்பிட்டாலும் பேச்சு அதே பேச்சுத்தான். சொல்லிக்காட்டாமல் செய்ய வேண்டிய காரியம் இது.

பணம் இருந்தும் கழுவப் போகிறவர் என்றால் முறை வைத்துவிடுங்கள். இந்த மாதம் நீ, அடுத்த மாதம் நான். முறைக்காரர் கடைக்குள் நுழையும்போதே கல்லாவில் முன்பணம் கொடுத்துவிட வேண்டும். எங்கள் கடையில் சில குழுக்கள் அப்படித்தான் செய்வார்கள். எவ்வளவு ஆனந்தமாகச் சாப்பிடுவார்கள் தெரியுமா! இரண்டு தோசை சாப்பிட்ட சைவக்காரரிடம் மட்டன் சுக்காவுக்கும் சமபங்கு வாங்குவது மட்டும் கூடாது. அந்த மனத்தாங்கல் வெளியே வராது, ஆனால் மறையவும் மறையாது.

சாப்பிடும்போது பிள்ளைக்கு மொபைல் கொடுத்தால்தான் உட்காருகிறாள். நான்கு வயது.
— ஒரு வாசகி, ஓசூர்

பரோட்டா மாஸ்டர் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காரவையுங்கள். அவர் மாவை வீசுவதை விடவா மொபைலில் வேடிக்கை இருக்கிறது?

மீந்ததைக் கட்டித் தரச் சொன்னால் என் கணவர் கூச்சப்படுகிறார்.
— ஒரு வாசகி, திண்டுக்கல்

திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு பிரியாணியை மிச்சம் வைப்பவர் கூச்சப்பட வேண்டியது வேறு காரணத்துக்கு!

கடைக்காரருக்கு அதில் துளியும் இளக்காரம் இல்லை. எச்சில் இலையில் அள்ளிக் கொட்டுகிற சோற்றைப் பார்க்கும்போதுதான் சமைத்தவர் வயிறு எரியும். கை படாததை மட்டும் தனியாக எடுத்துவைத்துக் கட்டச் சொல்லுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. இருந்தும் கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரை மெல்லிய பையில் ஊற்றி நூல் சுற்றித் தருகிற கடைகள் ஒழிந்தபாடில்லை. வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி எடுத்துப் போங்கள். சால்னாவும் கொஞ்சம் தாராளமாக விழும். பாத்திரம் காலியாகத் தெரிந்தால் ஊற்றுகிறவர் கை தானாக நீளும். இது நான் கண்டது.

பரோட்டாவை வாழை இலையில் கட்டி வாங்குங்கள். சூட்டில் இலை வாடி அந்த வாசனை ஏறும். மறுநாள் வரை வைக்காதீர்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை. வெளியே போனால் பரோட்டாதான் வேண்டும் என்கிறார்.
— ஒரு வாசகர், நாமக்கல்

எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். மெஸ் நடத்தியவளிடம் கேட்கக் கூடாது. என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுகிற மேஜையில் ஒரு பரோட்டாவில் பாதியோடு நிறுத்துவது எளிது. தனித் தட்டில் இரண்டு வந்துவிட்டால் இரண்டும் தீர்ந்துவிடும். கூடவே அவித்த முட்டையோ சுக்காவோ முதலில் கொஞ்சம் சாப்பிடச் சொல்லுங்கள், பசி வேகம் தணியும். மாத்திரை நேரத்தைக் கடைக்காரர் சவுகரியத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைச் சால்னா வீட்டில் ஏன் வருவதில்லை? எவ்வளவு முயன்றாலும் குருமாவாகிவிடுகிறது.
— ஒரு வாசகி, புதுக்கோட்டை

ஏனென்றால் நீங்கள் கெட்டியாக வைக்கிறீர்கள். சால்னா தண்ணியாக ஓட வேண்டும். பிய்த்துப் போட்ட பரோட்டாவின் அடுக்குகளுக்குள் புகுந்து ஊறுவதுதான் அதன் வேலை. குருமா மேலேயே உட்கார்ந்துகொள்ளும்.

கறி இல்லாத வெறும் சால்னாவுக்கு அளவு சொல்கிறேன். நான்கு பேருக்கு ஒரு கை தேங்காய்த் துருவல், ஒரு கரண்டி பொட்டுக்கடலை, வெந்நீரில் ஊறிய கசகசா ஒரு சின்னக் கரண்டி, சோம்பு அரைக் கரண்டி. இவற்றை வெண்ணெயாக அரைத்து வையுங்கள். எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். பட்டை, கிராம்பு, பிரியாணி இலை, கல்பாசி தாளித்து, இரண்டு பெரிய வெங்காயத்தை நிறம் மாறும்வரை வதக்கி, இஞ்சி பூண்டு விழுது, பச்சை மிளகாய், மூன்று தக்காளி. தக்காளி கரைந்து எண்ணெய் விளிம்பில் பிரிந்த பிறகுதான் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் பச்சை வாசனை கடைசிவரை போகாது. தூள் வதங்கியதும் தண்ணீர் ஊற்றுங்கள். எவ்வளவு என்று நினைக்கிறீர்களோ அதற்கு மேல் ஒரு தம்ளர். நன்றாகக் கொதித்த பிறகு அரைத்த விழுதைக் கரைத்து ஊற்றி, தீயைக் குறைத்து, மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்கும்வரை விட்டுவிடுங்கள். புதினாவும் மல்லித்தழையும் இறக்கும்போது.

கடையில் இது பெரிய அண்டாவில் மாலை நாலு மணியிலிருந்து சிறுதீயில் கிடக்கும். எட்டு மணிக்கு வருகிற ருசி அந்த நான்கு மணி நேரத்தால் வருவது. வீட்டில் காலையிலேயே வைத்துவிட்டு இரவு சூடுபண்ணிப் பாருங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும். பரோட்டாவை மட்டும் தெருமுனைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதை வீட்டில் வீசக் கிளம்பினால் சுவரெல்லாம் மாவாகிவிடும்.